கணையம் என்னும் கணக்குப்பிள்ளை!

உங்கள் கணையம் எங்கே இருக்கிறது? கையை வைத்துக் காட்டுங்கள், பார்க்கலாம்.

இந்தக் கேள்வியைச் சங்ககிரியில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸில் உட்கார்ந்திருந்தவர்களிடம் கேட்டேன். ஒருவர் வலது விலாவைத் தொட்டார் (அது கல்லீரல்). இன்னொருவர் இடது விலாவைத் தொட்டார் (அது மண்ணீரல்). கிளீனர் பையன் யோசித்துவிட்டுத் தொண்டையைப் பிடித்துக் கொண்டான். ஆபீஸ் முதலாளி மட்டும், "அது பொம்பளைங்களுக்குத்தானுங்களே இருக்கும்?" என்று கேட்டார். கண்ணைக் கட்டிவிட்டாலும் லாரியில் எந்த போல்ட் எங்கே இருக்கிறது என்று சொல்லக்கூடிய ஆசாமிகள் இவர்கள்!

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, யார் கண்ணிலும் படாமல் படுத்திருக்கிற உறுப்பு அது. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். எடை 100 கிராமுக்குள். ஆனால் பார்க்கிற வேலை? ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட ஒன்றரை லிட்டர் ஜீரண நீர். மாவைச் செரிக்க அமிலேஸ், கொழுப்பைச் செரிக்க லிபேஸ், புரதத்தைச் செரிக்க டிரிப்சின். அது போக, ரத்தச் சர்க்கரையைக் கவனிக்கும் இன்சுலினும் இதே இடத்தில்தான் தயார்.

நான் பி.காம். எனக்கு இதை ஒரே ஒரு மாதிரிதான் புரிந்துகொள்ள முடிகிறது. கம்பெனியின் கடைசி அறையில் தலையை நிமிர்த்தாமல் பேரேடு எழுதுகிற கணக்குப்பிள்ளை. அவர் பெயர்கூட முதலாளிக்குத் தெரியாது. ஒரு நாள் லீவு போட்டால்தான் ஆபீஸே நிற்பது தெரியும்.

லீவு போட்டால் பரவாயில்லை. இந்தக் கணக்குப்பிள்ளை கோபம் வந்தால் ஆபீஸையே கொளுத்திவிடுவார். அதற்குப் பெயர்தான் பேன்கிரியாடைட்டிஸ், தமிழில் கணைய அழற்சி. குடலுக்குள் போய்ச் சேர்ந்த பிறகு வேலையைத் தொடங்க வேண்டிய என்சைம்கள், கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டு, தன்னைப் பெற்ற உறுப்பையே செரிக்க ஆரம்பித்துவிடும். 1896-ல் ஹான்ஸ் கியாரி என்கிற நோய்க்குறியியல் நிபுணர் இதைத்தான் 'தன்னைத் தானே செரித்தல்' என்றார்.

வலி எப்படி இருக்கும்? மேல் வயிற்றில் பிடித்து முதுகுவரை ஊடுருவும். மல்லாந்து படுத்தால் கூடும். முன்பக்கம் குனிந்து உட்கார்ந்தால் கொஞ்சம் தேவலை. கூடவே ஓயாத வாந்தி. மாவீரன் அலெக்சாண்டர் கி.மு. 323-ல் பாபிலோனில் ஒரு விருந்தில் வயிறு முட்டக் குடித்த பின் வயிற்று வலியில் விழுந்து, சில நாள் காய்ச்சலில் கிடந்து, 32 வயதில் இறந்தாரே... அது இந்த நோயாக இருக்கலாம் என்று 1997-ல் ஒரு கிரேக்க மருத்துவர் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். நிரூபிக்க வழியில்லை. ஆனாலும் விருந்து, மது, மேல்வயிற்று வலி என்ற வரிசையைப் பார்த்தால் எனக்குப் பாபிலோன் ஞாபகம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் ஞாபகம் வருகிறது.

என் நண்பன் ஒருவன். பெயர் வேண்டாம், நாங்கள் இரண்டு பேருமே ஒருவரை ஒருவர் 'மாப்ளே' என்றுதான் கூப்பிட்டுக் கொள்வோம். சங்ககிரியில் லாரி டிரான்ஸ்போர்ட் ஒன்றில் கணக்கு எழுதுகிறான். வயது 34. நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. வேலை முடிந்ததும் தினம் ஒரு குவார்ட்டர், நாள் முழுக்க சிகரெட், எட்டு வருஷமாக. "நான் என்ன மாப்ளே, ரோட்டுல உளுந்தா கெடக்கறேன்? அளவோடதான" என்பான்.

அந்த அளவைக் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். குவார்ட்டர் என்பது 180 மில்லி. சாராய சதவீதம் 42.8. அப்படியானால் உள்ளே போகிற சுத்த ஆல்கஹால் ஏறத்தாழ 60 கிராம். அமெரிக்காக்காரர்கள் 14 கிராமை ஒரு 'டிரிங்க்' என்கிறார்கள். ஆக நம் ஊர் ஒரு குவார்ட்டர், அவர்கள் கணக்கில் நான்குக்கும் மேல். தினம் நாலு, ஐந்து டிரிங்க் என்று வருஷக்கணக்கில் போகிறவர்களுக்குத்தான் கணையம் கெடுகிற ஆபத்து ஏற ஆரம்பிக்கிறது என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. அளவாகக் குடிப்பதாக நினைத்துக்கொண்டு, பயல் சரியாக அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தான்! சிகரெட் தனியாகவே கணையத்தைக் கெடுக்கும். இரண்டும் சேர்ந்தால் கூட்டு வட்டி.

எல்லாப் பழியையும் பாட்டில் மேல் போட்டுவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொட்டு மது தொடாதவர்களுக்கும் வரும். பித்தப்பைக் கல் நழுவி, கணையக் குழாய் திறக்கிற வாசலை அடைத்துக் கொண்டால் வரும். ரத்தத்தில் டிரைகிளிசரைடு 1,000-ஐத் தாண்டினால் வரும். சில மாத்திரைகளால் வரும். டிரினிடாட் தீவில் ஒரு வகைத் தேள் கடித்துக்கூட வருகிறது! ஆகையால், இந்த நோய் வந்த ஒருவரைப் பார்த்த மாத்திரத்தில் 'ஓஹோ' என்று கண்ணடிப்பது நியாயமில்லை.

நண்பனுக்கு முதல் தடவை வந்தபோது வீட்டில் கேஸ் டிரபிள் என்று முடிவு கட்டினார்கள். கோலி சோடா, இஞ்சிச் சாறு, ஓமத் தண்ணீர் என்று ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பக்கத்தில் யாரோ ஒருவர் 'கேஸுக்கு' ஊசி போட்டார். மத்தியானம் சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரத்தத்தில் லிபேஸ் அளவு உச்ச வரம்பைப் போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. ஒன்பது நாள் படுக்கை. பிழைத்தான். டாக்டர் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லி அனுப்பினார். ஆறு மாதம் ஒழுங்காக இருந்தான். ஏழாவது மாதம் ஒரு கிரகப்பிரவேசம்... இரண்டாவது தடவை. இந்த முறை ஸ்கேனில் கணையத்துக்குள் கற்களே தெரிந்தன. இனிமேல் இது நாள்பட்ட ரகம் என்றார்கள். 72 கிலோ ஆள் 54 கிலோவுக்கு வந்துவிட்டான். சட்டை மாட்டின ஹேங்கர் மாதிரி நடந்து வந்தான்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் இந்தக் கட்டுரையின் விஷயமே.

ஆள் வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து வைத்தியர்கள் வரிசை கட்டினார்கள். டிகிரி வைத்தியர்கள் இல்லை, உறவுக்கார வைத்தியர்கள். பெரியம்மா ஒருவர் கீழாநெல்லியோடு வந்தார். (அது காமாலைக்கு, ஆத்தா!) ஒரு மாமா கொள்ளு ரசத்தைக் காலை மாலை குடித்தால் கணையத்துக் கல் கரைந்து ஓடும் என்றார். கொள்ளு ரசம் ருசியானது, கொழுப்பும் இல்லாதது. அதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் சிறுநீரகக் கல் வேறு, பித்தக் கல் வேறு, கணையக் கல் வேறு. கணையத்தில் இருப்பது இறுகிப் போன சுண்ணாம்பு. ரசத்துக்கு அது அசையாது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு வருகிற கணைச் சூட்டுக்குக் காய்ச்சும் எண்ணெயைக் கொண்டு வந்து உச்சியில் வைத்துத் தேய்த்துவிட்டுப் போனார். கணை என்றாலும் கணையம் என்றாலும் அவருக்கு ஒன்றுதான். பாசத்தில் எழுத்துப் பிழை பார்க்க முடியுமா?

நண்பனின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்: "ஏன் சாமி, பப்பாளிக்காய்ல என்னமோ இருக்குதாமா... கறியையே கரைக்குதாமா... அதைக் குடுத்தா இவனுக்கும் சோறு செரிச்சுருமுல்ல?"

நல்ல கேள்வி. பப்பாளிக்காயில் இருக்கிற பப்பாயின் என்கிற என்சைம் கறியை மிருதுவாக்குவது வாஸ்தவம். ஆனால் அது புரதத்தைத்தான் உடைக்கும். கணையம் கெட்டவருக்கு முதல் கஷ்டமே கொழுப்பு. லிபேஸ் போதாததால், தின்ற எண்ணெய் அப்படியே கழிவில் போகும். மலம் வெளுத்து, பிசுபிசுத்து, தண்ணீரில் மிதக்கும், நாற்றம் தாங்காது. (சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் மன்னிக்கவும்.) அதற்கு டாக்டர் தருகிற என்சைம் கேப்ஸ்யூல் பன்றியின் கணையத்திலிருந்து எடுப்பது. பாட்டியின் கீழாநெல்லி அளவுக்கு அதுவும் 'இயற்கை'தான்!

அந்தக் கேப்ஸ்யூலைச் சாப்பிடுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. நம் ஆட்களுக்கு மாத்திரை என்றால் சாப்பாட்டுக்கு முன், அல்லது சாப்பாட்டுக்குப் பின். இது சாப்பாட்டோடு. முதல் வாய்க்கு ஒன்று, நடுவில் ஒன்று என்று உணவோடு கலந்து போக வேண்டும். கை கழுவிவிட்டு வந்து போட்டுக் கொண்டால், பஸ் போன பிறகு டிக்கெட் வாங்கின கதைதான். மென்று விழுங்கவும் கூடாது. நண்பன் மூன்று மாதம் கை கழுவிய பிறகே போட்டுக்கொண்டிருந்தான். 'இந்த மாத்திரை கேக்கவே மாட்டேங்குது' என்று டாக்டரையும் திட்டிக்கொண்டிருந்தான்.

மஞ்சள்? மஞ்சளில் இருக்கிற குர்குமினை மிளகுச் சத்தோடு சேர்த்து மணிப்பாலில் 20 கணைய நோயாளிகளை வைத்துச் சோதித்துப் பார்த்து 2005-ல் வெளியிட்டார்கள். ரத்தத்தில் சில அளவுகள் நல்லபடியாக மாறின. ஆனால் வலி குறையவில்லை. ஆக, ரசத்தில் மஞ்சளும் மிளகும் தாராளமாகப் போடலாம். அதை நம்பி மாத்திரையைத் தூக்கி எறியக் கூடாது.

இன்னொரு சோதனை கொஞ்சம் தெம்பு தருவது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில், நாள்பட்ட கணைய அழற்சி உள்ள 127 பேரை இரண்டு கட்சியாகப் பிரித்தார்கள். ஒரு கட்சிக்கு வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், செலினியம், மெத்தியோனைன் சேர்ந்த மாத்திரை; இன்னொரு கட்சிக்கு வெறும் டம்மி மாத்திரை. ஆறு மாதம். மருந்து சாப்பிட்டவர்களுக்கு மாதத்தில் வலி வரும் நாட்களில் 7.4 குறைந்தது, டம்மி சாப்பிட்டவர்களுக்கு 3.2 குறைந்தது. 2009-ல் வெளிவந்த முடிவு. 2012-ல் இங்கிலாந்தில் இதே மாதிரி செய்து பார்த்தார்கள். அங்கே ஒரு பலனும் தெரியவில்லை! அங்கே பெரும்பாலும் குடியால் வந்த நோய். டெல்லியில் அப்படி இல்லை. நண்பனுக்கு எந்தக் கணக்கு பொருந்தும் என்பதை டாக்டர் கையில் விட்டோம். நெல்லிக்காய், கேரட், தக்காளி தின்பதற்கு யாருடைய சீட்டும் வேண்டாம்.

வந்த வைத்தியங்களில் என்னை உண்மையிலேயே பயமுறுத்தியவை இரண்டு. ஒன்று, சர்க்கரைக்கு என்று கொடுத்த பாகற்காய்ச் சாறும் சிறுகுறிஞ்சான் பொடியும். கணையம் கெட்டு வருகிற சர்க்கரை வியாதி மற்றதைப் போல இல்லை. சர்க்கரையை இறக்குகிற இன்சுலினும் குறையும். இறங்கிய சர்க்கரையை ஏற்றுகிற குளுகோகானும் குறையும். பிரேக்கும் கிடையாது, ஆக்சிலேட்டரும் கிடையாது என்றால் சங்ககிரிக்காரர்களுக்குப் புரியும். இன்சுலின் போட்டுக்கொண்டு, டாக்டருக்குத் தெரியாமல் பொடியும் தின்றால், சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கி ராத்திரியில் நினைவு தப்பிவிடலாம்.

இரண்டாவது, லேபிள் இல்லாத ஒரு டப்பாவில் வந்த சிவப்புப் பொடி. 'நாப்பத்தெட்டு நாள், ஒரு மண்டலம். இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டுத் தின்னோணும்' என்று உத்தரவு. என்ன பொடி என்று கேட்டால், கொடுத்தவருக்கே தெரியவில்லை. நான் சித்த மருத்துவத்தைக் கேலி செய்கிறவன் இல்லை. முறையாகப் படித்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் 2005-லிருந்து தேசிய சித்த மருத்துவ நிறுவனமே நடக்கிறது. டப்பாவை அப்படிப் படித்த ஒருவரிடம் கொண்டு போய்க் காட்டச் சொன்னேன். பற்பம், செந்தூரம் என்றால் உலோகம் இருக்கும்; பக்குவம் தவறிய ஈயம் உடம்பில் சேர்ந்தால் அதுவே வயிற்றைப் பிடித்து முறுக்கும். வயிற்று வலிக்கு வயிற்று வலியையே மருந்தாக வாங்குவானேன்? அவர் பொடியை முகர்ந்து பார்த்துவிட்டு, "யார் செஞ்சதுன்னு தெரியாததை நானே சாப்பிட மாட்டேன்" என்றார். டப்பா அன்றைக்கே குப்பைக்குப் போனது. கொடுத்த உறவுக்காரர் இன்னமும் எங்களோடு பேசுவதில்லை.

சரி, என்னதான் சாப்பிட்டான்?

அந்தக் காலத்தில் இந்த நோய் வந்தால் நாள்கணக்கில் பட்டினி போடுவார்கள். கணையத்துக்கு ஓய்வாம். இப்போது அது மாறிவிட்டது. வாந்தி நின்று, பசி எடுத்தால், முதல் நாளிலேயே கொழுப்புக் குறைந்த சாப்பாடு கொடுக்கலாம் என்று அமெரிக்கக் குடல் மருத்துவர் சங்கம் 2018-ல் வழிமுறையே வெளியிட்டது. பட்டினி கிடக்கும் குடல் சோர்ந்துபோய், கிருமிகளை ரத்தத்துக்குள் விட்டுவிடுகிறது. நம் நொய்யரிசிக் கஞ்சிக்கு இப்போது அமெரிக்காவிலேயே மரியாதை!

வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்கள் இப்படிப் போயின. காலையில் இட்லி. ஆவியில் வெந்தது, எண்ணெய் இல்லை. தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னிக்குப் பதில் தக்காளி, புதினா. மத்தியானம் குழைந்த சோறு, பருப்பு, சுரைக்காய், பீர்க்கங்காய். ஆடை எடுத்த பாலில் உறை ஊற்றிய மோர். சந்தகை பிழிந்தால் அதற்கு எலுமிச்சம்பழம் மட்டும். ஒரே மூச்சில் மூன்று வேளை இல்லை. சின்னச் சின்னதாக ஐந்தாறு வேளை.

வீட்டு அம்மணிக்குத்தான் பெரிய சங்கடம். "ஏனுங்ணா, தாளிக்கறதையே நிறுத்திட்டா சோறு தொண்டைல எறங்குமுங்களா? இவரு மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறாருங்ணா" என்றார். கணக்கு நோட்டு ஒன்று போட்டுக் கொடுத்தேன். டாக்டர் அவனுக்கு ஆரம்பத்தில் ஒரு நாளைக்கு அனுமதித்த கொழுப்பு 40 கிராம். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 14 கிராம். 100 கிராம் நிலக்கடலையில் கிட்டத்தட்ட 48 கிராம். அதே அளவு தேங்காயில் 33. கடுகு தாளிக்க ஒரு டீஸ்பூன் எண்ணெய் என்றால் ஐந்து கிராமுக்குள் முடிந்துவிடும். பட்ஜெட்டில் தாளிப்புக்கு இடம் இருக்கிறது. சேலத்துத் தட்டுவடை செட்டுக்கும் பள்ளிப்பாளையம் சிக்கனுக்கும்தான் நிதி ஒதுக்கீடு இல்லை. இந்த இடத்தில் நண்பன் கண் கலங்கியது நிஜம்.

"தேங்கா எண்ணெயில செஞ்சா செரிக்குமாமே?" என்று அடுத்த வாரமே ஒரு மனு. அதிலும் பாதி உண்மை உண்டு. என்சைம் அவ்வளவாகத் தேவைப்படாமல் உடம்பில் சேர்கிற ஒரு வகைக் குட்டைக் கொழுப்பு இருக்கிறது. ஆனால் தேங்காய் எண்ணெயில் அந்த ரகம் ஏழில் ஒரு பங்குதான். மனு தள்ளுபடி.

புரதத்துக்கு எங்கே போவது? பக்கத்தில் நாமக்கல் இருக்கும்போது இதெல்லாம் ஒரு கேள்வியா? ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம், ஐந்து கிராம் கொழுப்பு. கொழுப்பு பூராவும் மஞ்சள் கருவில். மஞ்சளை எடுத்துவிட்டால் மிச்சம் மூன்றரை கிராம் புரதம், கொழுப்பு சைபர். நண்பனின் எடைக்குத் தினம் 60, 70 கிராம் புரதம் வேண்டும் என்றார்கள். பருப்பு, மோர், தோலில்லாத கோழி, குழம்பில் வெந்த மீன், வெள்ளைக் கரு என்று ஒருவழியாகக் கூட்டல் சரியாக வந்தது. மஞ்சள் கரு முழுக்க அவன் மகளுக்கு.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு விசேஷக் கேள்வி உண்டு: குச்சிக்கிழங்கு சாப்பிடலாமா?

கேள்விக்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. கேரளத்தில் கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் இருந்த டாக்டர் பி.ஜே. கீவர்கீஸ், குடிப்பழக்கமே இல்லாத ஏழை இளைஞர்கள் கூட்டம் கூட்டமாகக் கணையத்தில் கல்லோடும் சர்க்கரையோடும் வருவதைக் கவனித்தார். அதை வைத்து 1968-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவர்கள் தின்றதெல்லாம் கப்பைக் கிழங்கு. கிழங்கில் சயனைடைக் கக்கக்கூடிய ஒரு பொருள் இருக்கிறது. அதை முறிக்க உடம்புக்குப் புரதத்திலுள்ள கந்தகச் சத்து வேண்டும். ஏழை வயிற்றில் புரதம் ஏது? அதனால்தான் கணையம் கெடுகிறது என்று அவரும் மெக்மில்லன் என்கிற அமெரிக்கரும் 1979-ல் எழுதினார்கள். கேட்கக் கச்சிதமான வாதம். சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கோ வயிற்றைக் கலக்குகிற வாதம். இரண்டாம் உலக யுத்தத்தில் வெளிநாட்டு ஜவ்வரிசி வரத்து நின்றதும், 1940-களில் இங்கே கிழங்கு ஆட்ட ஆரம்பித்தார்கள். 1981-ல் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே வந்தது. கிழங்கை நம்பி எத்தனை குடும்பம்!

அப்புறம் என்ன ஆயிற்று? கிழங்கைத் தொடாத வட இந்திய ஊர்களிலும் இதே நோய் இருந்தது. சென்னையில் டாக்டர் வி. மோகனும் மற்றவர்களும் எலிகளுக்கு நீண்ட நாள் மரவள்ளியைக் கொடுத்துப் பார்த்து, கணைய அழற்சியும் வரவில்லை, சர்க்கரையும் வரவில்லை என்று 2000-ல் எழுதினார்கள். 2002 வாக்கில், ஸ்பிங்க்-1 என்கிற மரபணுவில் ஒரு கோளாறு இந்த நோயாளிகளில் பலருக்கு இருப்பது தெரிந்தது. கணையத்துக்குள் டிரிப்சின் அவசரப்பட்டு விழித்துக்கொண்டால், தட்டித் தூங்க வைக்கிற காவல்காரன் அந்த மரபணு தயாரிக்கும் பொருள். காவல்காரனே சவலை! ஆக, கிழங்கு கிட்டத்தட்ட விடுதலை. நன்றாக வேக வைத்துத் தண்ணீரை வடித்துவிட்டு நண்பனும் சாப்பிட்டான். ஜவ்வரிசிக் கஞ்சியும் வாய்க்கு இதம்தான். ஆனால் அதில் புரதம் இல்லாத குறை. 'நோயாளிக் கஞ்சி' என்று மாதக்கணக்கில் அதையே ஊற்றினால் ஆள் இன்னும் இளைப்பான்.

இளைக்கக் கூடாது என்பதுதான் இதில் முக்கியமே. நாள்பட்ட ரகத்தில் எண்ணெயை அடியோடு ஒழித்துக் கட்டுவதும் தப்பு என்று ஐரோப்பிய உணவியல் சங்கத்தின் 2020 வழிமுறை சொல்கிறது. என்சைம் கேப்ஸ்யூல் சரியாக வேலை செய்தால் சாதாரண அளவு கொழுப்பு சாப்பிடலாம், சாப்பிடவும் வேண்டும். கொழுப்பில் கரைகிற வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் இல்லாவிட்டால் எலும்பு உளுத்துப் போகும், கண் மங்கும். நண்பன் இதைக் கேட்ட அன்று வீட்டில் பட்டாசு வெடிக்காத குறை. 40 கிராம் படிப்படியாக ஏறியது.

அதே வழிமுறை நார்ச்சத்து மிகுந்த சாப்பாடும் வேண்டாம் என்கிறது. நார் அதிகமானால் என்சைம் அதில் மாட்டிக்கொண்டு வேலை செய்யாது. இன்றைக்கு ஊரெல்லாம் சிறுதானியம், பச்சைக் காய்கறி, காலையில் அருகம்புல் சாறு, வாரம் ஒரு நாள் விரதம். தொப்பை விழுந்த உங்களுக்கும் எனக்கும் அது நல்லது. தொப்பை எப்படி இருக்கும் என்பதையே மறந்துவிட்ட கணையக்காரருக்கு அல்ல. கம்மஞ்சோறு கொஞ்சம் சாப்பிடட்டும். மூன்று வேளையும் வேண்டாம்.

இத்தனை சாப்பாட்டுக் கணக்கையும் எழுதிவிட்டுச் சொல்கிறேன்: மேலே உள்ளது அத்தனையும் சேர்ந்து பாதி வைத்தியம்கூட இல்லை. பாட்டிலும் பாக்கெட்டும் வீட்டுக்குள் இருந்தால் இட்லி என்ன செய்யும்?

2003 நவம்பரிலிருந்து சில்லறைக் கடையையும் அரசாங்கமே நடத்துகிறது. லாரித் தொழிலில் லோடு ஏற்றினால் ஒரு சந்தோஷம், இறக்கினால் ஒரு சந்தோஷம். 'விட்டுடு மாப்ளே' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு வந்தால் விட்டுவிடுவானா? பின்லாந்து நாட்டில் இதைச் சோதனையாகவே செய்திருக்கிறார்கள். குடியால் முதல் தடவை கணைய அழற்சி வந்த 120 பேர். பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரியில் ஒரு தடவை புத்திமதி. மீதிப் பேரை ஆறு மாதத்துக்கு ஒரு முறை இரண்டு வருஷம் கூப்பிட்டு உட்கார வைத்து, நர்ஸ் பேசினார். அவ்வளவுதான். மருந்தில்லை, மாத்திரை இல்லை. திரும்பத் திரும்பப் பேசியவர்களில், நோய் மறுபடி வந்தவர்கள் மற்றக் கட்சியில் பாதிகூட இல்லை. 2009-ல் வெளிவந்தது.

எங்கள் ஊரில் அந்த நர்ஸ் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை அல்ல, மாதம் ஒரு தடவை. மலையடிவாரத்தில், தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்ட கோட்டைக்குக் கீழே, சாயங்காலம் நடப்போம். புத்திமதி எல்லாம் இல்லை. என்ன சாப்பிட்டாய், வலி வந்ததா, எடை எவ்வளவு, யார் கூப்பிட்டார்கள், என்ன சொல்லித் தப்பித்தாய்? அவ்வளவுதான் கேள்வி. ஒரு தடவை, போன தீபாவளிக்கு, நாலு பேர் கையைப் பிடித்து இழுத்து 'பீர்தான, ஒண்ணும் ஆகாது' என்றபோது, பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்தான். அரை மணி நேரம் லாரி டயர் விலையைப் பற்றிப் பேசினோம். வெளியே வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள்.

பதினான்கு மாதமாக வலி இல்லை. எடை 61 கிலோ. சர்க்கரை கொஞ்சம் எட்டிப் பார்க்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை பரிசோதனை. காய்ச்சல், மஞ்சள் காமாலை, நிற்காத வாந்தி என்று எது வந்தாலும் சோடா கிடையாது, ஊசி கிடையாது, நேரே 108-தான் என்று வீட்டில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதற்குக் கீழே மகள் ஒரு முட்டைப் படம் வரைந்து வைத்திருக்கிறாள்.

சிகரெட்? தினம் இரண்டுக்கு வந்திருக்கிறான். "அதையும் விட்டுருவன் மாப்ளே, ஆடிக்குள்ள" என்கிறான். ஆடிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நான் நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறேன்.